சமுத்திரம் ஐயர் தீர்ப்பும் ஒரு கிண்ணம் அக்கார அடிசிலும்

ஸ்ரீ:

ஸ்ரீவில்லிபுத்தூர்,
18-1-1988, திங்கட்கிழமை.

சிரஞ்சீவி சக்ரபாணிக்கு உன் அத்திம்பேர் உப்பிலி எழுதிக்கொண்டது. உனக்கும் உன் அகத்துக்காரிக்கும் குழந்தைகளுக்கும் ஆண்டாள் ரங்கமன்னார் கடாட்சத்தில் எல்லா க்ஷேமமும் பெருகட்டும். இவ்விடம் நான் சௌக்கியம். உன் அக்கா கமலவல்லியின் சௌக்கியத்தைப் பற்றி எழுத எனக்கு அதிகாரம் இல்லை. நேற்று சாயங்காலம் வரை ஏழு நாட்கள் அவள் என்னோடு பேசவில்லை. நேற்று பேச ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை. பிளவக்கல் அணையில் தண்ணீர் சுமாராக இருக்கிறதாம். உன் முழங்கால் வலிக்குத் தைலம் தடவிக்கொள்கிறாயா? விசாரிக்க வேண்டியதெல்லாம் முறைப்படி விசாரித்தாகிவிட்டது. இனி உன்னைத் திட்டலாம் என்று நினைக்கிறேன்.

தீபாவளிக்கு எல்லா மச்சினன்மார்களும் அத்திம்பேருக்கு வேஷ்டி அனுப்புவார்கள். நீ புத்தகம் அனுப்பினாய். அதுவும் எப்பேர்ப்பட்ட புத்தகம். ஆதிக் கிறிஸ்தவர்கள் எதையெல்லாம் நம்பினார்கள், அதில் யூதர்களிடமிருந்து வந்தது எவ்வளவு, கிரேக்கரிடமும் ரோமானியரிடமும் எடுத்துக்கொண்டது எவ்வளவு என்று ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் அறுநூறு பக்கத்துக்கு எழுதியது. அதுவும் முதல் பாகம்தான். நடைபாதைக் கடையில் பார்த்ததும் அத்திம்பேர் ஞாபகம் வந்தது என்று எழுதியிருந்தாய். ஏன் வந்தது? முப்பத்தைந்து வருஷம் போஸ்ட் மாஸ்டராக இருந்து அடுத்தவர் கடிதத்தைப் படிக்காமல் அடக்கி வைத்த ஆசையெல்லாம் எனக்கு ரிட்டயர் ஆன பிறகு புத்தகத்தின் மேல் திரும்பியிருக்கிறது என்பது உனக்குத் தெரியும். தெரிந்தே செய்தாய். தை பிறப்பதற்குள் அறுநூறு பக்கத்தையும் பென்சில் கோடு போட்டுப் படித்துவிட்டேன். படித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு ஜீரணம் ஆகாது என்பதும் உனக்குத் தெரியும்.

யாரிடம் சொல்வது? அடுத்த வீட்டுத் தவசிமுத்துவிடம்தான். போன தடவை நீ வந்தபோது அவரைப் பார்த்திருக்கிறாய்: ஒல்லியாக, மூக்குக் கண்ணாடி நூலில் தொங்க, ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். புராட்டஸ்டண்டு சபையில் கமிட்டி மெம்பர். நாங்கள் இந்தப் புதுத் தெருவில் வீடு கட்டிக் குடிவந்த நாளிலிருந்து, பதினோரு வருஷமாக, சாயங்காலம் ஆறு மணிக்கு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, தன் வீட்டுக்குப் போவதற்கு முன் நம் வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டுத்தான் போவார். எனக்கு ஊஞ்சல், அவருக்கு இரும்பு நாற்காலி, இரண்டு பேருக்கும் காப்பி. வருஷா வருஷம் மார்கழி பிறந்ததும், கம்பெனியில் விளிம்பு கோணல் என்று கழித்த, காஸ் என்கிற வலைத் துணியில் ஒரு சுருள் கொண்டுவந்து கமலவல்லியிடம் கொடுப்பார். அதற்கு அவள் அடுக்களையில் நூறு உபயோகம் வைத்திருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு ஒரு தட்டு நிறையப் பழமும் பேரீச்சையும் வரும். கேக் வராது. கேக்கில் முட்டை இருக்கிறது, உங்களுக்கு ஆகாது என்று முதல் வருஷமே தானாகச் சொல்லிவிட்ட மனிதர். இதை ஞாபகம் வைத்துக்கொள். இதை நினைத்துத்தான் நான் இந்த ஏழு நாளும் வெட்கப்பட்டேன்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கும் பழத்தட்டு வந்தது. வாங்கிக்கொண்டு சும்மா இருக்கலாம் இல்லையா? “தவசிமுத்து, டிசம்பர் இருபத்தைந்து ரோமாபுரியில் சூரியனுக்குத் திருவிழா நாளாக இருந்ததாம். அதைத்தான் நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள் என்று ஒரு கட்சி” என்றேன். வேறு ஒருவராக இருந்தால் பழத்தட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு போயிருப்பார். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வேறு கட்சி என்ன சொல்கிறது என்று கேட்டார். சொன்னேன். யோசித்துவிட்டு, சூரியனைப் படைச்சவருக்கு சூரியன் தன் நாளை விட்டுக்கொடுத்தா அதுல என்ன தப்பு சார்வாள் என்றார். அன்று அவர் காப்பியை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக் குடித்தார். எனக்கு இருபது வயது குறைந்த மாதிரி இருந்தது.

அதிலிருந்து தினமும் திருவிழாதான். அவர் பஸ்ஸில் வரும்போதே பதிலை யோசித்துக்கொண்டு வருவார். நான் மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டுக் கேள்வியைத் தயார் செய்வேன். ஒரு நாள், நீங்கள் ஆண்டவரை ‘வார்த்தை’ என்கிறீர்களே, அந்தச் சொல்லை கிரேக்கத் தத்துவக்காரர்கள் உங்களுக்கு முன்பே வைத்திருந்தார்கள், ஞாயிற்றுக்கிழமைக்கு முன் ஓய்வுநாள் யூதர்களுடையது, ஞானஸ்நானத்துக்கு முன் அவர்களுடைய முழுக்கு இருந்தது, இப்படி அங்கே இங்கே வாங்கினதைக் கழித்துவிட்டால் உங்களுக்கென்று மிச்சம் என்ன என்று கேட்டு மடக்கினேன். மடக்கிவிட்டதாக நினைத்தேன். அவர் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தார்.

“சார்வாள், எங்க கம்பெனிக்குப் பஞ்சு குஜராத்துல இருந்து வருது. நூலு மில்லுல நூத்து வருது. தறி கோயம்புத்தூர்ல செஞ்சது. அம்புட்டும் வெளியில இருந்து வந்ததுதான். ஆனா ஆசுபத்திரியில கட்டுப் போட்டவன் அதையா கேக்கான்? புண்ணு ஆறுச்சா இல்லையான்னுதான கேக்கான்.”

அறுநூறு பக்கத்தில் பேராசிரியர் இதற்குப் பதில் எழுதவில்லை, சக்ரபாணி. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

பிறகு எருசலேம் சபைக்கு வந்தோம். முதல் கிறிஸ்தவர்கள் எல்லாரும் யூதர்கள். புதிதாக வந்து சேருகிற மற்ற ஜனங்கள் யூத ஆசாரப்படி விருத்தசேதனம், நம் ஊரில் சுன்னத்து என்கிறார்களே அது, செய்துகொள்ள வேண்டுமா, வேண்டாமா என்று பெரிய சண்டை. இதை நான் உரக்க விவரித்துக்கொண்டிருக்கும்போது, அடுக்களையிலிருந்து உன் அக்கா, அது என்ன சடங்கு என்று கேட்டாள். பூணூல் கல்யாணம் மாதிரி ஒன்று என்றேன். அப்படியானால் நல்ல காரியம்தானே, அதைப் போய் யாராவது வேண்டாம் என்பார்களா, எல்லாருக்கும் பண்ணி வைத்துவிட வேண்டியதுதானே என்றாள். நானும் தவசிமுத்துவும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பேச்சை மாற்றுவதற்காக அவர் அவசர அவசரமாக, “அந்தக் கணக்குப்படி பாத்தா, நீங்க நாங்க எல்லாருமே புறஜாதிதான சார்வாள்” என்றார். யூதர் அல்லாத எல்லாரையும் அவர்கள் வேதப்புத்தகத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள். தமிழில் அச்சடித்தவர்கள் போட்ட வார்த்தை. ஆனால் உன் அக்கா காதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் விழுந்தது. ஆண்டாள் சந்நிதியில் பரம்பரையாகத் தீர்த்தம் வாங்குகிற குடும்பத்தைப் பார்த்து, அதுவும் அவளுடைய காப்பியைக் குடித்துக்கொண்டே. இரண்டு நாள் காப்பி ஆறித்தான் வந்தது. ரோமாபுரிச் சக்கரவர்த்தியும் அந்தக் கணக்கில் புறஜாதிதான் என்று நான் புத்தகத்தைத் திறந்து காட்டிய பிறகுதான் சூடு திரும்பியது.

அதைவிடப் பெரிய வேடிக்கை, விசுவாசமா கிரியையா என்ற சண்டை. ஆதிச் சபையின் பெரிய தலைகளில் பவுல், நம்பிக்கையால்தான் மீட்சி என்கிறார். யாக்கோபு, நற்செய்கை இல்லாத நம்பிக்கை செத்தது என்கிறார். படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இது நம் சண்டை அல்லவா? பூனைக்குட்டி சும்மா கிடந்தாலும் தாய் கவ்விக்கொண்டு போகும் என்று நாமும், குரங்குக்குட்டி தானாகத் தாயைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்று வடகலையாரும் எத்தனை தலைமுறையாக மல்லுக்கு நிற்கிறோம். பவுல் அசல் தென்கலை என்று நான் அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டேன். தவசிமுத்துவோ யாக்கோபு பக்கம் சாய்ந்தார். கம்பெனியில் ஷிப்டு ஓட்டுகிறவர் அல்லவா, வேலை நடக்காமல் நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டால் ஒரு சுருள்கூட வெளியே போகாது என்றார். நான் விடவில்லை. பவுலுக்காக நான் வாதாடின வாதாட்டத்தில் தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவருடைய சபையில்கூடப் பவுலுக்கு இப்படி ஒரு வக்கீல் கிடையாது என்று தவசிமுத்துவே ஒப்புக்கொண்டார். அந்த அகங்காரம்தான் என்னைக் கெடுத்தது.

போன திங்கட்கிழமை, மார்கழி இருபத்தேழு, கூடாரவல்லி. அரிசியைப் பாலில் குழைத்து, வெல்லமும் நெய்யும் வழிய உன் அக்கா அக்கார அடிசில் பண்ணுகிற அழகு உனக்குத் தெரியும். அவளுக்கு வருஷத்தில் அதுதான் பெரிய நாள். பெருமாளுக்கு அமுது செய்யப் பண்ணி, முதல் கிண்ணம் அடுத்த வீட்டுக்கு என்பது பதினோரு வருஷ வழக்கம். வெண்கலக் கிண்ணத்தை என் கையில் கொடுத்து அனுப்பினாள். தவசிமுத்து கம்பெனிக்குக் கிளம்பத் தயாராக, வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டு, வருஷா வருஷம் செய்கிற மாதிரி மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, கரண்டியை எடுத்தார். அன்று காலையில்தான் நான் எருசலேம் சபையின் தீர்மானத்தை இரண்டாம் தடவை படித்திருந்தேன். விருத்தசேதனம் வேண்டாம், ஆனால் நாலு விஷயத்தைத் தவிர்க்க வேண்டும் என்று அங்கே முடிவு செய்தார்கள். அதில் முதலாவது, விக்கிரகத்துக்குப் படைத்த பதார்த்தம். இதைச் சொல்ல எனக்கு வேறு நேரமே கிடைக்கவில்லையா? சந்தோஷமாகச் சொன்னேன். ஒரு நல்ல பாயிண்டை நண்பனுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற உற்சாகத்தோடு சொன்னேன். கரண்டி பாதி வழியில் நின்றது. அதோடாவது நிறுத்தினேனா? “இது மட்டுமில்லை, எங்கள் வீட்டில் பெருமாளுக்குக் காட்டாமல் எதையும் சாப்பிடுவதில்லை. பதினோரு வருஷமாக நீங்கள் இங்கே சாப்பிட்ட அடை, வடை, சுண்டல் எல்லாமே அந்தக் கணக்குத்தான்” என்று ஆராய்ச்சியை முடித்து வைத்தேன்.

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. கிண்ணத்தை மூடி, இரண்டு கையாலும் பிடித்து, என்னிடமே திரும்பக் கொடுத்தார். “தெரியாம சாப்பிட்டது போயிட்டுப் போகுது சார்வாள். தெரிஞ்ச பொறவு எப்படி?” என்றார். குரல் இறங்கியிருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கித் தெருவின் அந்தப் பக்கமாகவே நடந்து, எனக்குக் கை கூப்பிவிட்டு, வீட்டுக்குள் போய்விடுவார். விரோதம் இல்லை. வந்தால் காப்பி கொடுப்போம், கொடுத்தால் மறுக்க வேண்டும், மறுத்தால் கமலவல்லி மனசு கஷ்டப்படும், அதனால் வரவில்லை. அவர் அப்படிப்பட்ட மனிதர். பதினோரு வருஷம் முட்டை விஷயத்தில் என் ஆசாரத்தைக் காத்தவருக்கு நான் ஒரே காலையில் இதைச் செய்தேன்.

திரும்பி வந்த கிண்ணத்தைப் பார்த்ததும் உன் அக்கா கேட்டது ஒரே கேள்வி: “என்ன சொன்னேள்?” சொன்னேன். அத்தோடு பேச்சு நின்றது. ஏழு நாளும் எனக்கு மோருஞ்சாதமும் ஒரு துண்டு நார்த்தங்காயும்தான். அடுக்களையிலிருந்து வத்தக்குழம்பு வாசனை வரும். என் இலைக்கு வராது. பெருமாளுக்குத் தளிகை பண்ணினேன், உங்களுக்குக் கிடையாது என்பது போல ஒரு பார்வை. பொங்கல் அன்றைக்குக்கூட எனக்கு ஒரு கரண்டிக்கு மேல் விழவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு டவுன் பஸ் ஹாரன் கேட்கும். நான் ஊஞ்சலில் தனியாக ஆடிக்கொண்டிருப்பேன். இரும்பு நாற்காலி காலியாகக் கிடக்கும். சக்ரபாணி, உன்னிடம் என்ன வெட்கம், எனக்கு அழுகை வந்தது. விவாதத்தில் ஜெயித்தவன் நான்தான்; ஆனால் அதைச் சொல்லிக்கொள்ள அடுத்த வீட்டுக்காரர் இல்லை.

வெள்ளிக்கிழமை, தவசிமுத்துவின் மனைவி வெள்ளத்தாய் கொல்லைச் சுவர் வழியாக உன் அக்காவிடம் ஒரு செய்தி சொன்னாள். “எங்க சமுத்திரம் ஐயர் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வாராங்க. உங்க வீட்டுக்கே கூட்டிட்டு வாரோம். அவிய சொன்னா இவரு கேப்பாரு.” இதை உன் அக்கா சுவரைப் பார்த்தபடி எனக்கு அறிவித்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சமுத்திரம் என்றால் அம்பாசமுத்திரமாகத்தான் இருக்கும்; அங்கிருந்து ஒரு ஐயரா? கிறிஸ்தவக் கொள்கையில் தகராறு வந்தால் தீர்த்து வைக்க ஒரு ஸ்மார்த்தரா? பாதிரியாரைக் கூப்பிட்டிருந்தால் தலை வணங்கியிருப்பேன். ஒரு யூத குருவை அழைத்து வந்திருந்தாலும் எதிர்கொண்டு போயிருப்பேன். ஊரிலே வைஷ்ணவர்கள் இத்தனை பேர் இருக்க, வேதாந்தம் பேச ஒரு ஐயர் வேண்டியிருக்கிறதா? வருகிறவர் என்ன சொல்வார் என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். விக்கிரகமும் மாயை, அக்கார அடிசிலும் மாயை, சாப்பிடுகிறவனும் மாயை என்று சொல்லிவிட்டு மூன்று கரண்டி சாப்பிட்டுவிட்டுப் போவார். உன் அக்காவுக்கு வேறு கவலை. ஐயர் வீட்டில் சர்க்கரைப் பொங்கல் என்று எதையோ கிளறி வைத்துக்கொண்டு பெருமை பேசுவார்களே, அவருக்கு உண்மையான அக்கார அடிசில் என்றால் என்ன என்று காட்டாமல் அனுப்பக் கூடாது என்று சங்கல்பம் செய்துகொண்டாள். கூடாரவல்லி முடிந்து ஆறாம் நாள், ஸ்மார்த்தர் ஒருவரைத் தோற்கடிப்பதற்காக மறுபடியும் வெண்கலப் பானை அடுப்பில் ஏறியது.

நேற்று சாயங்காலம் ஐந்து மணி. உன் அக்கா மடிசாரில், நான் பன்னிரண்டு திருமண்ணும் துலங்க, அத்வைதத்துக்கு எதிராக ஏழு பாயிண்டுகளைத் தாளில் எழுதி மடியில் சொருகிக்கொண்டு வாசலில் நிற்கிறோம். ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஆறடி உயரத்தில், கறுத்த மேனியில் தூய வெள்ளை அங்கி, இடுப்பில் கறுப்புப் பட்டை, கழுத்தில் சிலுவை. பின்னாலேயே தவசிமுத்துவும் வெள்ளத்தாயும் நடந்து வந்தார்கள். உன் அக்கா மூன்று பேருக்கும் பின்னால் தெருக்கோடி வரை எட்டிப் பார்த்தாள்.

“ஐயர் பின்னாடி வராரா?”

“நான்தாம்மா ஐயர்” என்றார் அங்கிக்காரர். “சமுத்திரம்கிறது என் பேரு.”

இந்தப் பக்கத்தில் சபைக் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வார்களாம், அது நூறு வருஷத்துக்கு மேற்பட்ட வழக்கமாம். எனக்கு எப்படித் தெரியும்? என் சர்வீஸ் முழுவதும் குடியாத்தம், திருத்தணி. அங்கே நான் பார்த்தவர்கள் எல்லாம் பாஸ்டரும் ஃபாதரும்தான். ஏழு பாயிண்டுகளையும் மடியில் இன்னும் ஆழமாகச் சொருகிக்கொண்டு, வாருங்கள் வாருங்கள் என்றேன். தவசிமுத்து ஏழு நாளுக்குப் பிறகு தன் இரும்பு நாற்காலியைப் பார்த்தார். அதை ஐயருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, என்னோடு ஊஞ்சலில் உட்கார்ந்தார். அது நடந்ததே பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

ஐயர் இரண்டு கட்சியையும் கேட்டார். எருசலேம் தீர்மானம் என்று நான் பக்க எண்ணோடு சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, அது சரிதான் சார், ஆனால் உங்கள் பவுல் அதற்குப் பிறகு இதே கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறாரே என்றார். என் பவுலா? எனக்குத் தெரியாமலா? கொரிந்து என்ற பட்டணத்துச் சபைக்கு எழுதிய கடிதமாம். பேராசிரியர் அதை இரண்டாம் பாகத்துக்கு ஒதுக்கி வைத்திருப்பதாக முன்னுரையில் ஒரு வரி இருக்கிறது. நான் முன்னுரை படிக்கிறவன் இல்லை.

“அந்த ஊர்ச் சந்தையில வித்த கறியெல்லாம் கோயில்ல படைச்சு வந்ததுதான். அவர் எழுதினதோட சாரம் இதுதான்” என்றார் ஐயர். “ஒருத்தர் அன்பா விருந்துக்குக் கூப்பிட்டா, வச்சதைச் சாப்பிடுங்க. எங்கேயிருந்து வந்ததுன்னு துருவிக் கேக்க வேண்டாம். ஆனா யாராவது, இது படைச்சதுன்னு உங்ககிட்ட சொல்லிட்டா, சாப்பிடாதீங்க. உங்க மனசாட்சிக்காக இல்ல. சொன்னவரோட மனசாட்சிக்காக.”

அப்படியானால் சொன்னது யார் என்று அவர் கேட்டார். மூன்று பேர் என்னைப் பார்த்தார்கள். உன் அக்கா விரலையே நீட்டினாள்.

“இவர் சொல்லாம இருந்திருந்தா ஒண்ணுமே இல்லையா?” என்று கேட்டாள்.

“ஒண்ணுமே இல்லம்மா.”

“முப்பத்தெட்டு வருஷமா நானும் அதைத்தான் சொல்லிண்டிருக்கேன், வாயை மூடிண்டு இருங்கோன்னு. ஒரு மகான் அதைக் கடுதாசியாவே எழுதி வெச்சிருக்காரே” என்றாள். அந்த நிமிஷத்திலிருந்து அவளும் பவுல் கட்சி. நம் வீட்டில் அவருக்கு ஒரு படம் மாட்டாததுதான் பாக்கி.

தவசிமுத்து மட்டும் சிரிக்கவில்லை. சார்வாள் சொல்லிட்டாகளே, இனி என்ன செய்ய என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அப்போது உன் அக்கா அடுக்களைக்குள் போனாள். கையில் ஒரு துணியோடு வந்தாள். துவைத்துத் துவைத்துப் பழுப்பேறிய காஸ் துணி. அதை அவர் மடிமேல் வைத்தாள்.

“அண்ணா, இது உங்க கம்பெனித் துணி. வெல்லத்துல மண்ணும் உமியும் இருக்கும். பதினோரு வருஷமா கூடாரவல்லிப் பாகை இதுலதான் வடிகட்டறேன். நெய்தவா யாருன்னு எங்க ஆண்டாள் ஒரு நாளும் கேட்டதில்லை.”

தவசிமுத்து துணியை விரலால் தடவிக்கொண்டிருந்தார். விளிம்பு கோணல் அவருக்குத் தெரியாதா? ஐயர் என் பக்கம் திரும்பினார். கடைசியாக ஒரு கேள்வி சார், சொன்னவர் நீங்கள், இவர் சாப்பிட்டால் உங்கள் மனசு நோகுமா என்று கேட்டார்.

“அவர் சாப்பிடாததுதான் ஏழு நாளா நோகறது, ஐயரே” என்றேன். ஒரு ஐயரிடம் நான் மனசு விட்டுப் பேசியது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை.

“அப்ப விஷயம் முடிஞ்சு போச்சு” என்றார் அவர்.

தவசிமுத்து கண்ணாடியைக் கழற்றி அந்தப் பாகுத் துணியாலேயே துடைத்தார். கண்ணாடியை மட்டும் துடைத்தாரா என்று நான் கவனிக்கவில்லை. எனக்கும் அப்போது கண் தெரியவில்லை. “கிண்ணத்தக் கொண்டாங்கம்மா” என்றார். முதல் கிண்ணத்தை வழித்து முடித்தார். இரண்டாவது கிண்ணத்தில் பேச்சு வந்தது. ஏழு நாளாக எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்று சொன்னார். ஆனாலும் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லையாம். அந்த வைராக்கியத்தை மெச்சி ஆண்டவரும் கைவிடவில்லையாம். இந்த ஏழு நாளும் வெள்ளத்தாயின் கைக்குத் திடீரென்று ஒரு ருசி வந்துவிட்டதாம். “ஒரு வத்தக்குழம்பு வச்சிருந்தா பாருங்க, எம்புட்டு ருசி. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல அப்படிச் சாப்பிட்டதில்ல” என்றார். வெள்ளத்தாய் அடக்கமாக நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சமுத்திரம் ஐயர் சரியாக மூன்று கரண்டி சாப்பிட்டார். நான் நினைத்திருந்த ஐயர் வேறு; ஆனாலும் கரண்டி எண்ணிக்கை மட்டும் தப்பவில்லை. அவர் விடைபெற்றபோது உன் அக்கா அவருக்கு ஒரு தூக்குச் சட்டி நிறையக் கட்டிக் கொடுத்து, இது படைத்ததா இல்லையா என்று நான் வாயைத் திறப்பதற்குள் என் காலை மிதித்தாள்.

ஆகவே, சக்ரபாணி, என் முடிவைக் கேட்டுக்கொள். இனி இந்த வீட்டில் கொள்கை விவாதம் கிடையாது. மழை, மில், முழங்கால் வலி, இவ்வளவுதான் பேசப்போகிறோம். நீ அனுப்பிய புத்தகத்துக்குத் தவசிமுத்துவின் காஸ் துணியாலேயே சுற்றிக் கட்டுப் போட்டு அலமாரி மேல் வைத்திருக்கிறேன். மாசி மாதம் வரும்போது எடுத்துக்கொண்டு போய்விடு. இரண்டாம் பாகமும் அதே கடையில் கிடைக்கும் போலிருக்கிறது என்று எழுதியிருந்தாய். கிடைத்தாலும் வாங்காதே, வாங்கினாலும் அனுப்பாதே, அனுப்பினாலும் நான் பிரிக்க மாட்டேன். ஒரு மனிதனுக்கு ஒரு பவுல் போதும்.

உன் அகத்துக்காரிக்கு எங்கள் இருவருடைய விசாரிப்பு. குழந்தைகள் படித்துப் பெரிய பேர் எடுக்கட்டும். வாய் மட்டும் அத்திம்பேரைப் போல அமையாதிருக்கட்டும். ஆண்டாள் உங்கள் எல்லாரையும் பூனைக்குட்டியைப் போலக் கவ்விக்கொண்டு காப்பாற்றட்டும்.

இப்படிக்கு
உன் அத்திம்பேர்
உப்பிலி

பி.கு.: செவ்வாய்க்கிழமை. கடிதத்தை ஒட்டுவதற்குக் கோந்து தேடிக் கொல்லைப்பக்கம் போனேன். அங்கே உன் அக்கா சுவருக்கு மேலாக ஒரு டிபன் கேரியரை வெள்ளத்தாயிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். தவசிமுத்து தினமும் ராஜபாளையத்துக்குக் கொண்டுபோகிற கேரியர். இரண்டு பேரும் என்னைப் பார்த்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, பிறகு சிரிக்க ஆரம்பித்தார்கள். சிரிப்பு நின்றதும் விஷயம் வெளியே வந்தது: பெருமாளுக்கு அமுது செய்த வத்தக்குழம்புதான் ஏழு நாளும் அந்தச் சுவர் தாண்டிப் போயிருக்கிறது. வெள்ளத்தாய் தன் சமையல் என்று கட்டிக் கொடுத்திருக்கிறாள். அவர் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. பவுல் எழுதிய விதிக்கு ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் சாப்பிட்டிருக்கிறார். வைராக்கியமாக இருந்த மனிதருக்கு ஒரு நாள்கூட நம் சாப்பாடு தவறவில்லை. ஏழு நாளும் நம் வீட்டுச் சாப்பாடு கிடைக்காமல் கிடந்தவன் இந்த ஊரிலேயே நான் ஒருவன்தான். இதை அவரிடம் மூச்சு விடக் கூடாது என்று இருவரும் என்னை ஆண்டாள்மேல் சத்தியம் செய்யச் சொன்னார்கள், செய்துவிட்டேன். இப்போது மணி ஆறு. அவர் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, வெள்ளத்தாயின் வத்தக்குழம்பைப் பற்றி வருகிற ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று, ஆண்டவர் செய்த அற்புதம் என்று சாட்சி சொல்லப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். என் வாய் எந்த நிமிஷமும் திறந்துவிடும். பேசுவதற்கு வேறு பெரிய விஷயம் உடனே வேண்டும். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொண்டு, இரண்டாம் பாகத்தை இது கிடைத்த அன்றைய தபாலிலேயே அனுப்பு.